மனையும் கதையும்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் ஒரு காலத்தில் வயல்கள் இருந்தன. ஏரிநீர் பாய்ந்த அவ்வயல்கள் சிறிது சிறிதாக மறைந்தன. வரப்புகள் இருந்த இடத்தில் வெள்ளையடித்த கற்கள் நடப்பட்டன; சாலையோரத்தில் பலகைகள் எழுந்தன. ‘பிளாட்டுகள் விற்பனைக்கு’ என்பது அப்பலகைகளில் பெரும்பாலும் காணப்படும் வாசகம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் வளரும் சிறுவர், ஆங்கில நெடுங்கணக்கைக் கற்கத் தொடங்குமுன்பே இச்சொல்லைக் கற்றுவிடுகின்றனர். அரைக் கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று பெரியோர் பேசக் கேட்டு, பிளாட்டு என்றால் வீட்டுமனை என்பதை அவர்கள் ஐயமின்றி அறிவர்.

யான் பயின்ற பள்ளியும் அப்பக்கத்தில்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் ஆங்கில ஆசிரியர், குரங்கும் முதலையும் நட்புக்கொண்ட கதையைப் படித்து முடித்தார். முடித்தபின், “இக்கதையின் பிளாட்டு யாது?” என்று ஆங்கிலத்தில் வினவினார். சிறிது நேரம் ஒருவரும் வாய் திறந்திலர். பிறகு மூன்றாம் வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். “ஆற்றங்கரையில் நாவல் மரம் நின்ற இடம், ஐயா” என்றான். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சிரித்துவிட்டார். அவன் முகம் சிவக்க அமர்ந்தான். அவ்வாண்டு முடியும்வரை ஆங்கில வகுப்பில் அவன் தானாக எழுந்து ஒரு சொல்லும் கூறவில்லை. சிரித்தவர்களுள் யானும் ஒருவன்.

அவன் கூறிய விடையை இன்று எண்ணிப் பார்க்கின்றேன். அதில் அறியாமை எவ்வளவு இருந்தது? ‘பிளாட்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் நிலத்துண்டு என்பதே. நிலத்தை அளந்து வரைந்த படத்தையும், பின்னர்த் திட்டத்தையும், சூழ்ச்சியையும், கதையின் அமைப்பையும் அச்சொல் குறிக்கலாயிற்று. ஆகவே, அம்மாணவன் சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டான். கிளைதான் அவனுக்குக் கிட்டவில்லை. இதனை அன்று யாரேனும் எடுத்துரைத்திருப்பின், அவன் நாணியிருக்க மாட்டான். நாங்களும் ஒரு சொல்லை நன்கு கற்றிருப்போம்.

முற்றும் அறியாத சொல்லால் இத்தகைய தொல்லை நேர்வதில்லை. பொருள் தெரியாத சொல்லைக் கண்டால் நாம் அகராதியைத் தேடுகின்றோம், அருகிலிருப்பவரைக் கேட்கின்றோம். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லே நம்மை இடறச் செய்கின்றது. தமிழ்நாட்டில் ஓட்டல் என்றால் இட்டலியும் காப்பியும் கிடைக்கும் உணவு விடுதி. ஆங்கிலக் கதையிலோ வழிப்போக்கன் ஒருவன் ஓட்டலுக்குச் சென்று, அறையில் விளக்கணைத்து உறங்குகின்றான். உண்ணுமிடத்தில் உறங்குவானேன் என்று நம் மாணவன் திகைக்கின்றான். நம் வீட்டில் பீரோ என்பது துணியும் நகையும் வைக்கும் இரும்புப் பெட்டகம். ஆங்கில நூலில் ‘பீரோ’ என்பது எழுதுமேசையாகவோ அலுவலகமாகவோ இருக்கும். பீரோவுக்குள் பத்து எழுத்தர் அமர்ந்து வேலை செய்தனர் என்று படிப்பவன் வியப்படையாமல் என் செய்வான்?

இந்த இடறல் நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்பெயின் நாட்டிலும், மெக்சிகோ முதலாக அமெரிக்கக் கண்டத்தின் பல நாடுகளிலும் மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி. அந்நாடுகளின் மாணவரும் நம்மைப்போலவே பள்ளியில் ஆங்கிலம் கற்கின்றனர். இலத்தீன் மொழியிலிருந்து பிறந்தது ஸ்பானியம்; ஆங்கிலமோ இலத்தீன் சொற்களை ஏராளமாகக் கடன் வாங்கியது. எனவே ஸ்பானிய மாணவனுக்கு ஆங்கில நூலைத் திறந்தவுடனே பல முகங்கள் உறவினர் முகங்களாகத் தோன்றும். அவற்றுட் சில உண்மையான உறவு. சில வெறும் சாயல்.

‘சோப்பா’ என்பது ஸ்பானியத்தில் உண்ணும் சூப்பின் பெயர். தாய் குழந்தையின் கைகளைச் சோப்பினால் கழுவினாள் என்று ஆங்கிலக் கதையில் வருமானால், அம்மாணவன் முதலில் என்ன எண்ணுவான்? சூடான சூப்பைக் கையில் ஊற்றும் தாயைக் கண்டு அஞ்சமாட்டானா? அவ்வாறே ‘லிப்ரெரீயா’ என்பது அவர்களுக்குப் புத்தகக் கடை. அதனைப்போல் ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லோ நூலகத்தைக் குறிக்கும். ‘எக்சித்தோ’ என்பது வெற்றி. அதன் சாயலில் அமைந்த ஆங்கிலச் சொல், கொட்டகைகளில் சிவப்பு விளக்கில் எழுதப்படும் ‘வெளியே செல்லும் வழி’.

இவற்றைப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்யலாம். பலர் அவ்வாறு செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்தும் போகின்றனர். கதையில் வந்தால் மறப்பதில்லை. ஒரு சிறுவன் கையில் காசில்லாமல் ‘லைப்ரரி’க்குள் நுழைகின்றான், விரும்பிய நூலை எடுத்து வருகின்றான், பதினைந்தாம் நாள் திருப்பிக் கொடுக்கின்றான், காலம் தாழ்த்தினால் தண்டம் கட்டுகின்றான். இவ்வளவும் படித்தபிறகு அவ்விடத்தைக் கடை என்று எவரும் கருத இயலாது. அகராதி பொருளைக் கூறுகின்றது. கதையோ பொருளைத் தவறாகக் கொண்டவனை நடுவழியில் நிறுத்தித் திருப்பி அனுப்புகின்றது.

(இடையில் ஒரு சிறு செய்தி. ஸ்பானியச் சிறுவன் ஒருவன் அம்பத்தூரில் ஒரு வீட்டிற்கு விருந்தினனாக வந்தால், ‘மேசை’ என்னும் சொல்லைக் கேட்டவுடனே புரிந்துகொள்வான். ‘அலமாரி’யையும் பெரும்பாலும் புரிந்துகொள்வான். போர்ச்சுகீசியர் நமக்குத் தந்துசென்ற சொற்கள் அவை. போர்ச்சுகீசியமும் ஸ்பானியமும் ஒருதாய் மக்கள்.)

அயல்மொழியைக் கதையால் கற்பிக்கும் முறை நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆங்கிலேயரே நம்மிடம் மாணவராய் அமர்ந்து அவ்வாறு கற்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலுக்காக இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் இந்நாட்டு மொழிகளைக் கற்க வேண்டியிருந்தது. அதற்கென 1812-ஆம் ஆண்டில், எல்லிஸ் துரையின் பெருமுயற்சியால், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி சென்னையில் நிறுவப்பட்டது. அங்குத் தமிழாசிரியராய் விளங்கிய தாண்டவராய முதலியார், பஞ்சதந்திரக் கதைகளை மராத்தியிலிருந்து எளிய தமிழ் உரைநடையில் பெயர்த்தார்; அந்நூல் 1826-இல் அச்சாயிற்று. செய்யுளே நூலெனக் கருதப்பட்ட காலத்தில், அயல்நாட்டு மாணவர்க்காக எழுந்த அவ்வுரைநடை, பின்னர் நம் சிறுவர்க்கும் பாடமாயிற்று.

அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே, இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழ்ப் புலவராய் உயர்ந்த வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையை இயற்றியிருந்தார். சென்னையில் பணியாற்றிய பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் அதனை 1822-இல் இலண்டனில் பதிப்பித்தார். அவர் பதிப்பித்த முறை நோக்கத்தக்கது. தமிழ்க் கதை, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, கதையில் வரும் சொற்களின் அகரவரிசை, முதற்கதையைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டும் விளக்கம் ஆகிய நான்கும் ஒரே நூலில் அமைந்திருந்தன. இலண்டனில் இருந்துகொண்டே ஒருவன் தமிழ் கற்க விரும்பினால், மட்டியும் மடையனும் அவனுக்கு ஆசிரியராவர்!

அக்கதையை நீங்கள் அறிவீர்கள். குருவும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடக்கின்றனர். ஆறு உறங்குகின்றதா, விழித்திருக்கின்றதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்த்தபின்னரே கடக்கின்றனர். கரையேறியபின் ஒருவன் எண்ணுகின்றான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே தென்படுகின்றனர். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டதென்று அனைவரும் அழுகின்றனர். வழியே வந்த ஒருவன், ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி கொடுத்து எண்ணி, அறுவரும் இருப்பதை மெய்ப்பிக்கின்றான். இதனைப் படிக்கும் அயல்நாட்டான் ‘எண்ணினான்’ என்னும் சொல்லை எத்தனை முறை சந்திக்கின்றான்! ஒவ்வொரு முறையும் அவனுக்கும் ஓர் அடி விழுவதுபோல் அச்சொல் மனத்தில் பதிகின்றது.

எண்ணுதல் என்னும் சொல்லைப் பற்றி இன்னும் சிறிது கூறலாம். தமிழில் எண்ணுதல் என்பது கணக்கிடுதலையும் குறிக்கும், சிந்தித்தலையும் குறிக்கும். ஸ்பானிய மொழியில் ‘கொந்தார்’ என்னும் ஒரே சொல், காசை எண்ணுவதற்கும் கதை சொல்வதற்கும் வழங்குகின்றது. கதைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘குவெந்தோ’. கணக்கின் பெயர் ‘குவெந்தா’. ஆங்கிலத்திலும் இவ்வுறவு மறைந்து கிடக்கின்றது. சொல்லுதலைக் குறிக்கும் ‘டெல்’ என்னும் சொல் முற்காலத்தில் எண்ணுதலையும் குறித்தது. அதனாலன்றோ வங்கியில் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் ‘டெல்லர்’ எனப்பட்டார்! ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குபட வைப்பது, காசாயினும் நிகழ்ச்சியாயினும், ஒரே தொழில் என்று அம்மக்கள் கருதினர் போலும்.

இனி, எங்கள் வகுப்பில் படித்த குரங்கின் கதைக்கு வருவோம். அது பஞ்சதந்திரத்தில் உள்ளது. பஞ்சதந்திரம் மேற்குநோக்கிச் செய்த பயணம் மிக நீண்டது. பாரசீகத்தின் பழைய மொழியாகிய பகலவிக்கு ஆறாம் நூற்றாண்டிலும், அங்கிருந்து அரபு மொழிக்கு எட்டாம் நூற்றாண்டிலும் அது சென்றது. கரடகன், தமனகன் என்னும் நரிகளின் பெயர்கள் அரபியில் கலீலா, திம்னா எனத் திரிந்து, நூலுக்கே பெயராயின. அரபியிலிருந்து 1251-ஆம் ஆண்டில், பின்னர் அரசனான இளவரசன் அல்பொன்சோவின் ஆதரவில், அது பழைய ஸ்பானிய மொழியைச் சேர்ந்தது. ஆங்கிலத்திற்கோ 1570-இல்தான் தாமஸ் நார்த்து என்பவர், ஓர் இத்தாலிய நூலிலிருந்து பெயர்த்தார். ஆகவே, ஆங்கிலச் சிறுவனுக்கு முந்நூறு ஆண்டு முன்னரே ஸ்பானியச் சிறுவன் நம் நாட்டுக் கதைகளைக் கேட்டிருக்கின்றான்.

இவ்வழிப்பயணத்தில் ஒரு புதுமை நேர்ந்தது. நம் கதையில் குரங்கின் நண்பன் முதலை. ஸ்பானியக் கதையில் அவன் ஆமை! நம் நாவல் மரம் அங்கே அத்தி மரமாயிற்று. ஆயினும் கதை குலைந்துவிடவில்லை. நண்பனின் மனைவி நோயுற்றவள்போல் நடிக்கின்றாள், குரங்கின் இருதயமே மருந்து என்கின்றனர், நண்பன் அதனை முதுகில் ஏற்றி நீரின் நடுவே கொண்டுசெல்கின்றான், உண்மையை அறிந்த குரங்கு, “இருதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேனே!” என்கின்றது, கரை திரும்பியதும் மரத்தில் தாவித் தப்புகின்றது. முதலையை மாற்றினாலும், மரத்தை மாற்றினாலும், ஆற்றைக் கடலாக்கினாலும் எது மாறாமல் நின்றதோ, அதுவே ‘பிளாட்டு’. அன்று எங்கள் ஆசிரியர் இவ்விரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், இலக்கணம் கூறாமலே அச்சொல்லின் பொருள் விளங்கியிருக்கும்.

மாறியவற்றிற்கும் ஆங்கிலத்தில் பெயருண்டு. முதலையும் குரங்கும் ‘கேரக்டர்’கள். ஆனால் அச்சொல்லே ஒருவரது பண்பையும் குறிக்கும். ஸ்பானிய மாணவனுக்கு இங்கே இடறல். அவன் மொழியில் ‘கராக்தெர்’ என்பது பண்பு. கதையில் வருபவனைக் குறிக்கப் ‘பெர்சொனாஹே’ என்று வேறு சொல் உண்டு. நமக்கு இடறல் வேறிடத்தில். நாம் கதைமாந்தரைப் பாத்திரம் என்கின்றோம்; அடுக்களையில் துலக்கி வைப்பதும் பாத்திரமே. தமிழ் கற்கும் அயல்நாட்டான் ஒருவன், ‘இந்நாடகத்தில் பத்துப் பாத்திரங்கள் உள்ளன’ என்று படித்துவிட்டுச் சமையற்கட்டை எட்டிப் பார்த்தால், நாம் சிரிக்க உரிமையுடையோமா?

கதையமைப்பைக் குறிக்கத் தமிழில் கதைப்பின்னல் என்று ஓர் அழகிய சொல் வழங்குகின்றது. ஸ்பானியத்தில் அதற்குத் ‘திராமா’ என்று பெயர். நெசவுத் தறியில் குறுக்கே ஓடும் ஊடிழையையும் அச்சொல் குறிக்கும். அவர்களுடைய பள்ளிகளில் கதையை மூன்றாகப் பகுத்துக் காட்டுவர். முதற்பகுதியில் மாந்தரும் இடமும் அறிமுகமாவர். நடுப்பகுதி ‘நூதோ’, அதாவது முடிச்சு. இறுதிப் பகுதி ‘தெசென்லாசே’, அதாவது அவிழ்ப்பு. நீரின் நடுவே குரங்கு உண்மையை அறியுமிடம் முடிச்சு. இருதயம் மரத்தில் என்னுமிடத்தில் அவிழ்ப்புத் தொடங்குகின்றது. ஆங்கிலேயர் நிலத்தை அளந்தனர், ஸ்பானியர் நூலை முடிந்தனர், தமிழர் பின்னினர். மூன்றனுள் நம் சொல்லும் ஸ்பானியச் சொல்லும் நெருங்கி நிற்கின்றன என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

கதை என்னும் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பானிய மொழியில் ‘இஸ்தோரியா’ என்பது கதையையும் குறிக்கும், வரலாற்றையும் குறிக்கும். ஆங்கிலம் ‘ஸ்டோரி’, ‘ஹிஸ்டரி’ என இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டது. இவ்வேறுபாடு எதற்கு என்று கேட்பவர்க்கு ஆவடியே விடை கூறும். கவசவண்டிகளைப் பற்றிய ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றின் முதலெழுத்துகள் சேர்ந்தே ஆவடி என்னும் பெயர் பிறந்தது என்று இவ்வூரில் பலர் சொல்லக் கேட்கலாம். கேட்க இனிமையான கதை. ஆனால் கனரக ஊர்தித் தொழிற்சாலை இங்கு எழுந்தது 1960-களில். ‘விஜயந்தா’ என்னும் டாங்கி அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது 1965-இல். சோசலிசப் பாணிச் சமுதாயமே நோக்கம் என்று தீர்மானித்த காங்கிரசு மாநாடு, 1955-ஆம் ஆண்டு சனவரித் திங்களிலேயே ஆவடியில் கூடிவிட்டது. பத்தாண்டுக்குப் பின் வந்த டாங்கி முன்னமே இருந்த ஊருக்குப் பெயரிடுவது எங்ஙனம்? முன்னது ‘ஸ்டோரி’, ஆண்டுகளை வைத்து நாம் ஆராய்ந்தது ‘ஹிஸ்டரி’.

கதையைத் தொடங்கும் முறையும் மொழிக்கு மொழி வேறுபடும். ஆங்கிலேயரும் ஸ்பானியரும் ‘முன்னொரு காலத்தில்’ என்னும் கருத்துப்படக் காலத்தைக் கூறித் தொடங்குவர். நம் பாட்டிமார் ‘ஒரே ஓர் ஊரிலே’ என்று இடத்தைக் கூறித் தொடங்குவர். இதனை அறியாத நம் மாணவர் சிலர், பாட்டியின் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுகின்றனர். படிக்கும் ஆங்கிலேயன், அக்காலத்தில் உலகில் ஒரே ஓர் ஊர்தான் இருந்தது போலும் என்று எண்ணிக்கொள்வான். முடிவும் அவ்வாறே. ஆங்கிலக் கதையில் மணமக்கள் என்றென்றும் இன்பமாய் வாழ்வர். ஸ்பானியக் கதையில் இன்பமாய் வாழ்வதோடு கௌதாரிக் கறியும் உண்பர். அவ்வளவு விருந்தை ஆங்கிலேயன் தன் கதை மாந்தர்க்கு அளிப்பதில்லை!

எங்கள் வகுப்பில் எழுந்து நின்ற அம்மாணவனை அதன்பின் யான் காண நேரவில்லை. கண்டால் அவனிடம் கூற ஒரு செய்தி வைத்திருக்கின்றேன். கதையமைப்பிற்கு ஸ்பானியத்தில் ‘ஆர்குமெந்தோ’ என்று மற்றொரு சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் அதன் சாயலுடைய ‘ஆர்கியூமெண்டு’ என்னும் சொல்லுக்கு வாக்குவாதம் என்பதே நாம் அறிந்த பொருள். மாத்ரிது நகரத்துப் பள்ளியொன்றில் ஆங்கில ஆசிரியர், குரங்கின் கதையைப் படித்து முடித்து, நண்பர் இருவர்க்குமிடையே நிகழ்ந்த ‘ஆர்கியூமெண்டு’ யாது என்று கேட்டால், அங்கும் மூன்றாம் வரிசையில் ஒரு மாணவன் எழுவான். ஆற்றங்கரையில் தொடங்கி, அத்தி மரத்தின் உச்சிவரை, முழுக்கதையையும் ஒரு வரி விடாமல் அவன் ஒப்பிப்பான்.